திரும்ப வாங்கிய பேட்டரி

உங்களில் பாதிப் பேர் சட்டக் கல்லூரியில் படிக்கிறீர்கள். மீதிப் பேர் என்னைப் போல எட்டாவதோடோ பத்தாவதோடோ நின்றவர்கள். இலவச சட்ட உதவி மையத்தின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அதெல்லாம் ஒன்றுதான். எதிரே நிற்கிறவருக்கு உங்கள் படிப்பு தேவையில்லை, தன் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள் தேவை.

நான் ஓரிடத்தில் தங்கியவன் இல்லை. லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போனேன். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கினேன். துறைமுகத்தில் கப்பலேறி கன்டெய்னர் கட்டினேன். நடுவில் சூரத்தில் சாயப்பட்டறை, அங்கே மூச்சு திணறியதால் திரும்பி வந்தேன். முழங்கால் போன பிறகுதான் இந்தத் தன்னார்வலர் வேலைக்கு வந்தேன். என் வாழ்க்கையில் அதிக காலம் உட்கார்ந்த இடம் அந்த மேசைதான். இப்போது அதையும் விட்டாயிற்று. போவதற்கு முன் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். ஜெயித்த வழக்காகச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் இதைச் சொல்கிறேன்.

சிறுவர்கள் திருடிவிட்டார்கள் என்று யாராவது வந்தால், என்ன போனது என்று கேட்பதற்கு முன், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நம் பகுதியில் ஒரு பழக்கம் உண்டு. பொருள் போனால் மக்கள் முதலில் ஸ்டேஷனுக்குப் போவதில்லை, பழைய இரும்பு வாங்கும் பக்கத்துக் காயலான் கடைக்குப் போகிறார்கள். அங்கே தன் பொருளைக் கண்டுபிடித்து, கெஞ்சியோ சண்டை போட்டோ காசு கொடுத்துத் தானே திரும்ப வாங்கி வருகிறார்கள். இதை முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். போலீஸ் கைப்பற்றினால் பொருள் கோர்ட்டுக்குப் போகும், மனு போட்டு வாங்க வேண்டும், அதுவரை பிழைப்பு நிற்கும். இது நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அப்படிச் செய்கிறார்கள். இன்பராஜும் தெரிந்துதான் செய்தார்.

இன்பராஜ் ட்ரெய்லர் டிரைவர். மணலி புதுநகரில் வீடு. வந்து நின்றவுடன் கேட்டது இதுதான்:

"அண்ணே, நான் திருடன் இல்லைன்னு ஒரு பேப்பர் வோணும்."

"யாரு உன்னத் திருடன்னு சொன்னது?"

"என் ஓனரு."

"இன்னா திருடினியாம்?"

"என் வண்டி பேட்டரிய நானே."

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

எண்ணூர் விரைவு சாலையில் துறைமுக கேட்டுக்காக நிற்கும் வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எர்ணாவூர் தாண்டி ஒரு மதிய நேரம் அவர் வண்டி அந்த வரிசையில் நின்றது. முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பான். இப்போது எந்த ஓனரும் கிளீனர் வைப்பதில்லை, டிரைவர் ஒருவர்தான். அவர் சாப்பாடு வாங்க இறங்கிப் போனால் வண்டியில் ஆள் இல்லை. இன்பராஜ் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது பேட்டரிப் பெட்டி திறந்து கிடந்தது. ஒயரை அறுத்து இரண்டு பேட்டரியையும் எடுத்துவிட்டார்கள். மூன்று பையன்கள். இரண்டு பேர் ட்ரைசைக்கிளில் பேட்டரியோடு போய்விட்டார்கள். காவலுக்கு நின்ற மூன்றாவது பையனைப் பின்வண்டிக்காரர், ஆந்திராவைச் சேர்ந்த டிரைவர், பிடித்துவிட்டார்.

வரிசையிலிருந்த மற்ற டிரைவர்களும் கூடினார்கள். பையனை வண்டியோடு சேர்த்துக் கட்டி அறைந்தார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். பேர் சொல், ஊர் சொல், எந்தக் கடை சொல் என்று கேட்டார்கள். பையன் எல்லாவற்றையும் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து வரிசை நகர ஆரம்பித்தது. முன்னால் சாலை காலியாகிவிட்டது, பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கிறது. கப்பலுக்கு கேட் அடைக்கும் நேரம் ஒன்று உண்டு. அதற்குள் போகாவிட்டால் கன்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறாது. இன்பராஜ் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு பையன் சொன்ன கடைக்கு ஓடினார். கடைக்காரர், பேட்டரி மேல் சூடு போட்டு எழுதியிருந்த வண்டி நம்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இது என் வண்டிதுபா."

"அப்டின்னு எவன் சொன்னான்? இங்க வர்ற எல்லாமே எவனாச்சும் ஒருத்தனுதுதான். வோணும்னா துட்ட வச்சிட்டு எட்துகினு போ. வோணாம்னா கெளம்பு, பேஜாரு பண்ணாத."

இன்பராஜ் தன் பேட்டாக் காசையும் டீசல் காசையும் கொடுத்து, தன் வண்டியின் பேட்டரியைத் தானே வாங்கி வந்தார். மாட்டினார், வண்டியை எடுத்தார், கன்டெய்னர் நேரத்துக்கு உள்ளே போனது. பையனை மற்றவர்கள் ரோந்து போலீசிடம் ஒப்படைத்தார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். ஓனரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் வண்டியை விட்டுவிட்டு ஏன் போனாய் என்பார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

அதே ஓனரின் இன்னொரு டிரைவர், இன்பராஜ் காயலான் கடையிலிருந்து பேட்டரியோடு ஆட்டோவில் ஏறியதைப் பார்த்திருக்கிறார். விஷயம் ஓனர் காதுக்குப் போனது. ஓனரின் கணக்கு எளிமையானது. இவனே பேட்டரியை விற்றான், வண்டி நின்றுபோனதும் பயந்துபோய்த் திரும்ப வாங்கினான்.

இந்தத் தொழிலில் டிரைவரின் ஒரிஜினல் லைசென்ஸை ஓனர் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். சட்டப்படி தவறு. எல்லோரும் செய்கிறார்கள். ஓனர் இன்பராஜை வேலையிலிருந்து நிறுத்தினார், லைசென்ஸைக் கொடுக்க மறுத்தார். எஃப்.ஐ.ஆர். கொண்டு வா, தருகிறேன் என்றார். போனில் இருக்கும் லைசென்ஸ் நகலை டிராபிக் போலீஸ் ஒத்துக்கொள்வார்கள். புது ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரிஜினல் ஏன் இல்லை என்று பழைய ஓனருக்குத்தான் முதலில் போன் போடுவார்.

ஆக, அவருக்கு வேண்டியிருந்தது பேட்டரி இல்லை, நஷ்டஈடும் இல்லை. லைசென்ஸும், அதோடு சேர்ந்த பெயரும்தான்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே சிறுவர் விஷயங்களைப் பார்க்கும் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணே, பையன் பதினெட்டுக்குக் கீழ. இந்த மாதிரி திருட்டுக்கெல்லாம் சிறார் மேல எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது. பொது நாட்குறிப்புல எழுதி, வீட்டு நெலமைய விசாரிச்சு, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பிட்டேன். கூட பெரியவங்க யாராவது இருந்தா எஃப்.ஐ.ஆர். உண்டு. ஓடிப்போன ரெண்டு பேரும் சின்னப் பசங்கதான்."

"கடைக்காரன் பெரியவன்தானே?"

"அவன்கிட்ட நாங்க எத புடிச்சோம்? பொருளு இவர்கிட்டல்ல இருக்கு."

இதுதான் நான் சொல்ல வந்தது. பையன் மேல் சட்டம் மெதுவாகக் கை வைக்கும், அது சரியும்கூட. திருட்டுப் பொருள் வாங்கும் பெரியவன் மேலும், பையன்களைத் திருட அனுப்புகிறவன் மேலும் அது பலமாக விழும். கடையில் போய் போலீஸ் அந்தப் பேட்டரியைக் கைப்பற்றியிருந்தால் எஃப்.ஐ.ஆர். கிடைத்திருக்கும், அதில் இன்பராஜ் பொருளைப் பறிகொடுத்தவர் என்று எழுதியிருக்கும். காசு கொடுத்து வாங்கியதால் கடைக்காரருக்கு ஒரு சிக்கலும் இல்லாமல் போனது. யார் கேட்டாலும், இந்த டிரைவர்தான் விற்றான், இவனே வாங்கிப் போனான் என்று அவர் சொல்லிவிடலாம்.

எங்கள் மையத்து வக்கீல் அம்மா இதை அவரிடம் எடுத்துச் சொன்னார். "நீங்க வாங்காம, போலீசுக்குக் கடையக் காட்டியிருக்கலாம்."

"காட்டியிருந்தா வண்டி அங்கியே நின்னுகினு இருக்கும் மேடம். பின்னாடி கீறவன்லாம் என்னிய கட்டிவச்சு அடிச்சிருப்பான்."

வக்கீல் அம்மா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைக்காரர் பக்கம் இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. பையனே வாய் திறந்து, அந்த ஆள்தான் எங்களை அனுப்பினான் என்று குழுமத்தில் சொல்ல வேண்டும். குழுமம் உட்காரும் நாளில் நானும் இன்பராஜும் போய் வராந்தாவில் காத்திருந்தோம். பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா மீன் வெட்டித் தரும் வேலை செய்கிறவர், கையிலிருந்து செதில் போகவில்லை. பையனுக்கு ஒரு பக்கக் காது வீங்கிக் கறுத்திருந்தது. இன்பராஜ் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏண்டா, வரிசைல அத்தினி வண்டி கீது. என் வண்டிதான் கெடச்சுதா?"

"உன் வண்டிலதான் ஆளு இல்ல."

இன்பராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனும் பாதி சிரித்து, காது வலித்ததும் நிறுத்திக்கொண்டான்.

நான் அந்த அம்மாவிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். கடைக்காரர் அனுப்பினார் என்று பையன் சொன்னால் அவர் மேல் வழக்கு வரும், இந்த டிரைவரின் பெயர் தப்பிக்கும், பையனையும் பாவப்பட்டவனாகத்தான் பார்ப்பார்கள் என்றேன்.

"சொல்ட்டு எங்க போவோம் நைனா?" என்றார் அந்த அம்மா. "எங்க வூட்டுக்கு எதிர்லதான் அந்தாளு கட. அவன் பொட்டலம் வாங்கிக் குடுத்துதான் இவன் பாதி நாள் துன்றான். நான் வர்றதுக்கு இருட்டிப்பூடும். நாளைக்கு எங்களுக்கு இன்னா ஆனாலும் நீ வந்து நிப்பியா?"

நிற்பேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லி அழைத்துப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தத் தெருவில் யாரும் நிற்பதில்லை. பையனைக் கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு, "நானேதான்ணா. யாரும் சொல்லல" என்றான். உள்ளேயும் அதையே சொன்னான். கண்டித்து, அறிவுரை சொல்லி, அம்மாவோடு அனுப்பினார்கள். பெற்றவர் அபராதம் கட்ட வேண்டும் என்று குழுமம் உத்தரவிடலாம். அதைக் கேட்கட்டுமா என்று இன்பராஜிடம் கேட்டேன். அந்த அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

வக்கீல் அம்மா விடவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஒரு சான்று வாங்கினார். இன்ன நம்பர் வண்டியில் பேட்டரி திருட்டுப் போனது, ஒரு சிறார் குழுமத்தின் முன் ஆஜர்படுத்தப்பட்டார் என்று அதில் இருந்தது. பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. பிறகு ஓனரை சமரசப் பேச்சுக்கு அழைத்து நோட்டீஸ் அனுப்பினார்.

ஓனர் வந்தார். தெற்கேயிருந்து வந்து, ஒரு பழைய லாரியில் ஆரம்பித்து முன்னுக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். சான்றை முழுதும் படித்தார்.

"இதுல பேரே இல்லியேம்மா. யாரோ ஒரு பய எதையோ எடுத்தாம்னு இருக்கு. அந்தப் பயலுக்கும் இவனுக்கும் பழக்கம் இல்லன்னு நான் எப்படி நம்ப? நானும் எத்தன டிரைவர பாத்துட்டேன். டீசல வித்தானுவ, தார்ப்பாய வித்தானுவ, ஒருத்தன் டயரையே மாத்திட்டான். எல்லாவனும் சின்னப் பயலுவ எடுத்துட்டானுவன்னுதான் சொன்னான்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படிப்பட்ட டிரைவர்களும் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

சான்று போதாதென்றால் வேறு ஒன்று இருந்தது. ஆந்திர டிரைவர் அந்த வீடியோவை இன்பராஜின் போனுக்கு அனுப்பியிருந்தார். யாருக்கும் காட்டக் கூடாது, அனுப்பக் கூடாது, சிறாரின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று வக்கீல் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். முகத்தை மறைத்துக் காட்டட்டுமா என்று அவரே இப்போது ஓனரைக் கேட்டார்.

"மூஞ்சி இல்லாம எந்தப் பயல வேணாலும் படம் புடிக்கலாமே" என்றார் ஓனர்.

அந்த நேரத்தில் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் எழுந்து போனார். அறையில் நாங்கள் மூன்று பேர். ஓனர் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"எலே இன்பராஜ். அம்மா இல்ல. மூஞ்சியக் காட்டு, பேரச் சொல்லு. இந்தா லைசென்சு. இப்பமே எடுத்துட்டுப் போ. நாளைக்கே வண்டியும் தாரேன்."

இன்பராஜ் போனை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

பின்னால் ஒருமுறை, அந்தப் போனைப் பிடுங்கியிருக்க வேண்டாமா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். பிடுங்கியிருந்தால் அது என் முடிவு ஆகியிருக்கும். மறுநாள் வேலையில்லாமல் நிற்கப்போகிறவர் அவர். நம் வேலை வழியைக் காட்டுவது, போக வேண்டியவர் காலைக் கட்டுவது இல்லை. ஆனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் நம் வேலை இல்லை.

"இன்பா, காட்டினா குத்தம். ஓனரு வெளிய சொல்ல மாட்டாருன்னே வச்சுக்க. காட்டினா அது இந்த ரூமோட நிக்காது. எர்ணாவூர்லேர்ந்து கல்மண்டபம் வரிக்கும் எல்லா வண்டியிலயும் சாயங்காலத்துக்குள்ள இருக்கும். தெரிஞ்சுகினு செய்."

அவர் ஓனர் பக்கம் திரும்பினார். "காட்னா இன்னா பண்ணுவீங்க?"

"நான் என்ன பண்ணப் போறேன்? குரூப்ல போடுவேன். அப்புறம் நம்ம பயலுவ பாத்துக்கிடுவானுவ."

இன்பராஜ் திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டினார். எங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அறை விழும் சத்தம். பிறகு, "அண்ணா வுட்ருண்ணா, அண்ணா வுட்ருண்ணா." பேர் சொல்லுடா என்று யாரோ கத்தும்போது நிறுத்தினார். ஓனர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் போய் சோறு வாங்கினு வந்தது தப்பு. கடைல துட்டு குடுத்தது தப்பு. அதுக்கு என்னிய இன்னா வேணா சொல்லு ஓனரே" என்றார் இன்பராஜ். "இவன் காது இன்னும் வீங்கிகினு கீது. லைசென்ச குடுத்தா குடு, குடுக்காட்டி போ." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வக்கீல் அம்மா திரும்பி வந்து அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார். அடுத்தவர் லைசென்ஸை வைத்துக்கொள்ள ஓனருக்கு எந்த உரிமையும் இல்லை, இன்று தராவிட்டால் நாளை போலீசிலும் போக்குவரத்து அலுவலகத்திலும் புகார் போகும் என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். ஓனர் சண்டை போடவில்லை. திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று சொல்லி, லைசென்ஸை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டு இன்பராஜ் கையில் கொடுத்தார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் போன பிறகு நான் டீ வாங்கி வரச் சொன்னேன். ஒரு வழக்கு முடிந்தால் டீ குடிப்பது எங்கள் பழக்கம்.

அன்று மாலையே லாரி ஓனர்கள் குரூப்பில் அந்த லைசென்ஸ் வந்துவிட்டது. படம், பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் தெளிவாக. கீழே, பேட்டரி திருடன், யாரும் வேலை கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி. அது டிரைவர்கள் குரூப்புக்கும் போனது. ஒரு டிரைவர் அதை இன்பராஜுக்கே அனுப்பி, இது நீயா என்று கேட்டாராம்.

இரண்டு நாள் கழித்து போன் செய்தார்.

"அண்ணே, அந்தப் பையன் மூஞ்சிய காட்னா குத்தம்னு சொன்னியே. என் மூஞ்சிய காட்னவனுக்கு இன்னா?"

அவதூறு வழக்குப் போடலாம் என்றேன். நோட்டீஸ் அனுப்பலாம், போலீசில் புகார் கொடுக்கலாம், எல்லாவற்றையும் நானே எழுதி வைக்கிறேன், வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

"எப்போ முடியும்?"

நான் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் ஆகும் என்றேன்.

"அது வரிக்கும் எந்த வண்டிய ஓட்டறது?"

அவர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஹாரன் சத்தம் காதை அடைத்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். எண்ணூர் ரோட்டில் வரிசையோரமாக நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். வண்டி வண்டியாகக் கதவைத் தட்டி, மாற்று டிரைவர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போகிறாராம். சில பேர் லைசென்ஸைக் கேட்கிறார்கள். எடுத்துக் காட்டினால் அதையும் இவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

"அண்ணே, நீ தப்பா எட்துக்காத. ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"எனக்கும் பதினேழு வயசுன்னு எங்கனா எழுதிக் குடேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இரு, அடுத்த வண்டி வருது என்றார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், என்னிடம் இல்லை, மேலே பார்த்துப் பேசும் குரல்: "அண்ணே, மாத்து டிரைவர் வோணுமா?"